படபடப்பு மாத்திரை

வீரையன், பண்ணைக் காரியக்காரர் தியாகேசனைப் பார்த்து "யோவ்" என்று கூப்பிட்டுவிட்டான். அவன் மடையிலிருந்து கிளம்பி வீடு வந்து சேர்வதற்குள் கருவேலங்கோட்டகம் முழுக்கச் செய்தி போய்விட்டது. யாரும் நம்பவில்லை. நம்பாவிட்டாலும் ஆளாளுக்கு ஓடிவந்து கேட்டுக்கொண்டார்கள்.

நம்புகிற மாதிரியான ஆளா வீரையன்? தியாகேசன் எதிரே வந்தால் தலைத்துண்டு தானாக இடுப்புக்கு இறங்கிவிடும். வரப்பை விட்டுச் சேற்றில் இறங்கி நிற்பான். "மழை வருமாடா வீரையா?" என்றால் "ஆமாங்க" என்பான். "வராது போலிருக்கே?" என்றால் அதற்கும் "ஆமாங்க." ஐம்பது வயசுக்கு அந்த வாயிலிருந்து பண்ணை மனிதர்கள் முன்னால் வேறு சொல் வந்து யாரும் கேட்டதில்லை.

வாய்க்கால் கரையில் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்த பூவம்மாள்தான் கண்ணால் பார்த்த சாட்சி. புல்லுக்கட்டைத் தெருவிலேயே போட்டுவிட்டு, நடித்தே காட்டினாள்.

"அந்தாளு கொடைய ஊணிக்கிட்டு நிக்கிறாரு. 'வீரையா, இந்த வருஷம் அறுப்புக்கு வேதாரண்யம் பக்கத்துலேருந்து ஆளு வருது. நீ ஒதுங்கிக்க'ங்கிறாரு. இவரு மம்முட்டியத் தோள்ல வச்சிக்கிட்டு, சிரிக்கிறாருடி! சிரிச்சிக்கிட்டே, 'யோவ், நான் ஏய்யா ஒதுங்குறேன்? பத்து மா நெலமும் என் குத்தகை. நட்டது நானு, அறுக்கப்போறதும் நானு. நான் களத்துல அளந்து போட்டா அள்ளிக்கிட்டுப் போற ஆளுதானேய்யா நீ?'ன்னு கேக்குறாரு. தியாகேசன் மூஞ்சியப் பாக்கணுமே!"

"பொய் சொல்லாத பூவம்மா."

"எம்புள்ள மேல சத்தியம்டி! என்ன சாமி ஏறிச்சோ தெரியல."

ஏறியது சாமி இல்லை, மாத்திரை. அது வீரையன் பெண்சாதி செவ்வந்திக்கு மட்டும்தான் தெரியும்.

அது சாராயக்கடைகளைத் திறந்துவிட்ட வருஷம். குத்தகைக்காரன் பெயரைச் சர்க்கார் கணக்கில் ஏற்ற வேண்டும் என்று சட்டம் வந்து, அதற்கென்று போட்ட தாசில்தார்கள் ஜீப்பில் ஊர் ஊராக வந்து விசாரித்துக்கொண்டிருந்தார்கள். பெயர் ஏறிவிட்டால் நிலத்தை விட்டு ஒருத்தரும் கிளப்ப முடியாது. ஏறாவிட்டால் மிராசுதார் கைகாட்டும் திக்கில் நடையைக் கட்ட வேண்டியதுதான். விவசாயிகள் சங்கத்துச் சாமிதுரை சைக்கிளில் தெருத்தெருவாக வந்து மனு எழுதி வாங்கினான். வீரையனுக்கும் எழுதினான். மிராசுதார் சந்தானகிருஷ்ணன் பதில் மனுப் போட்டார்: வீரையன் குத்தகைதாரனே அல்ல, பண்ணையில் கூலிக்கு வேலை பார்க்கிற ஆள்.

இருபக்கமும் காகிதம் எதுவும் கிடையாது. வீரையனுடைய அப்பன் காலத்திலிருந்து எல்லாம் வாய்ப்பேச்சு. விசாரணையில் வீரையன் எழுந்து நின்று, எந்த வருஷத்திலிருந்து உழுகிறேன், குத்தகை நெல் எவ்வளவு அளந்தேன் என்று வாயால் சொல்லியாக வேண்டும். அந்த வாயை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நோட்டீஸ் வந்ததிலிருந்து அவனுக்குத் தூக்கம் போய்விட்டது. படுத்தால் நெஞ்சு உரலில் குத்துகிற மாதிரி இடிக்கும். மார்கழிப் பனியில் வேர்த்துக் கொட்டும். செவ்வந்தி மிராசுதார் வீட்டு மாட்டுக்கொட்டகையில் சாணி அள்ளுகிறவள். அள்ளிக்கொண்டே ஒருநாள் மிராசுதாரின் மனைவி சரசாவிடம் இதைச் சொல்லி மூக்கைச் சிந்தினாள்.

சரசா கெட்டவள் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கேட்டவுடன் உள்ளே போய்க் காகிதத்தில் மடித்த பொட்டலத்தோடு வந்தாள். வழக்கம்போலக் கொட்டகையின் குட்டைச் சுவரில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டாள். கையில் கொடுக்கிற வழக்கம் அந்த வீட்டில் கிடையாது.

"எனக்கும் அதே படபடப்புதாண்டி. இந்தச் சட்டம் வந்ததுலேர்ந்து தூக்கமே வரமாட்டேங்கறது. எங்காத்துக்காரர் நாலு பேரைத் திட்டித் தீர்த்துண்டுடறார், நான் என்ன பண்ணுவேன்? மன்னார்குடி டாக்டர் இதைக் குடுத்தார். ரெண்டு வருஷமா போட்டுண்டிருக்கேன். ஒண்ணு உள்ளே போனா மனசு பஞ்சாயிடறது. எனக்குக் கேட்டது வீரையனுக்குக் கேக்காதா? கொண்டுபோய்க் குடு."

எனக்குக் கேட்டது உனக்கும் கேட்கும் என்று மருந்தைப் பங்கு போட்டுக்கொள்வது எங்கள் பக்கத்துப் பழக்கம். ஒரு கண்மருந்துப் புட்டி தெருவில் இருக்கிற கண்ணுக்கெல்லாம் போய்விட்டுத்தான் உடைமைக்காரி வீட்டுக்குத் திரும்பும். அந்தப் பழக்கத்தில், வழக்கில் எதிரும் புதிருமாக நிற்கிற இரண்டு வீடுகள் ஒரே மாத்திரையைத் தின்ன ஆரம்பித்தன.

முதல் மாத்திரையில் வீரையன் அடித்துப்போட்ட மாதிரி தூங்கினான். செவ்வந்திக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மறுநாள் காலை வயலுக்குக் கிளம்பும்போது நெஞ்சைத் தடவிக்கொண்டு நின்றான். பகலுக்கும் ஒன்று கொடுத்தால் என்ன என்று அவளே கொடுத்து அனுப்பினாள். அன்றைக்குத்தான் மடையில் அந்த "யோவ்."

அடுத்த நாள் விடிந்து வெயில் ஏறிய பிறகும் அவன் எழுந்திருக்கவில்லை.

"இஞ்சாருங்க, எழுந்திரிங்க. ஊரே வாசல்ல நிக்குது."

"எதுக்கு?"

"எதுக்கா? நேத்து தியாகேசனை யோவ்னீங்கள்ல!"

"யாரு?"

"நீங்கதான்!"

வீரையன் பாயில் உட்கார்ந்து கண்ணைக் கசக்கினான். "நேத்து மம்முட்டிய எடுத்துக்கிட்டு மடைக்குப் போனேன். அது தெரியுது. அப்பறம் இங்க படுத்திருந்தேன். நடுவுல ஒண்ணையுமே காணுமே புள்ள?"

செவ்வந்தி நடந்ததைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவன் முகம் வெளுத்துப்போயிற்று. "அய்யய்யோ! நானா? அப்படியா கேட்டேன்? வேட்டிய எடு. ஓடிப்போயி அவரு கால்ல வுழுந்துட்டு வந்துர்றேன்."

அவன் வேட்டியைத் தேடிக்கொண்டிருக்கும்போதே சாமிதுரை சாமந்திப்பூ மாலையோடு உள்ளே நுழைந்து, கோவணத்தோடு நின்றவன் கழுத்தில் போட்டுவிட்டான். "அண்ணே! இத்தன வருஷமா எங்கண்ணே ஒளிச்சு வச்சிருந்தீங்க இந்த வாய? பக்கத்து நாலு ஊர்லயும் பண்ணைக்காரனுங்க நடுங்கிக்கிட்டிருக்கானுங்க. உங்களப் பாத்து எத்தன பேரு மனுப் போட வர்றான் தெரியுமா?" வாசலில் பறை அடித்தார்கள். பொம்பளைகள் குலவை போட்டார்கள். பூமாலைக்கு அடியில் வீரையன் நெஞ்சு தவளை மாதிரி குதித்தது. மெதுவாகச் செவ்வந்தி பக்கம் திரும்பினான்.

"அந்த மாத்திரை இன்னும் இருக்கா?"

அப்புறம் அதுவே பிழைப்பாகிவிட்டது. மாத்திரையில் பேசியதைக் கேட்டுப் பயம், அந்தப் பயத்துக்கு இன்னொரு மாத்திரை. கோயில் திடலில் நடந்த சங்கக் கூட்டத்தில் மேடை ஏறி, "தியாகேசன் கொடையப் புடுங்கி நண்டுக்கு நெழலு போடுவேன்" என்றான். கூட்டம் கைதட்டி விழுந்து விழுந்து சிரித்தது. மறுநாள் பூவம்மாள் அதைச் சொல்லிச் சிரித்தபோது, "யாரு சொன்னா? நல்லாருக்கே!" என்று அவனும் சேர்ந்து சிரித்தான்.

சரசா கேட்காமலே பொட்டலம் வந்துகொண்டிருந்தது. தை பிறந்து, பொங்கல் பானை இறங்கியது. வீரையன் காலில் பிடிமானம் குறைந்துகொண்டே வந்தது. பிறந்ததிலிருந்து நடந்த வரப்பில் தள்ளாடினான். நீராகாரச் செம்பு கையிலிருந்து நழுவியது. பேச்சு குழறியது. மாட்டை அவிழ்த்துவிட்டதையே மறந்துபோய், மாட்டைக் காணோம் என்று தேடினான். புதுச் சாராயக்கடைக்கு இன்னொரு வாடிக்கை கிடைத்துவிட்டது என்று சிலர் கண்ணடித்தார்கள். மாத்திரைக்கு நேரமாகிவிட்டால் கதையே வேறு. கை நடுங்கும், எரிந்து விழுவான், தட்டு விழுகிற சத்தத்துக்கு வீடு அதிரக் கத்துவான்.

விசாரணைக்குத் தேதி குறித்துக் காகிதம் வந்தது. சாமிதுரை ஒத்திகை பார்க்கலாம் என்று வந்து உட்கார்ந்தான். "அண்ணே, நான்தான் மிராசுதாரு வக்கீலு. நல்லா யோசிச்சுப் பதில் சொல்லுங்க. உங்க பேரு வீரையன்தானே?"

"ஆமாங்க."

"நீ பண்ணையாளுதானே?"

வீரையன் மாத்திரையின் பூரண அனுக்கிரகத்தில் இருந்தான். முகத்தில் கல்யாண வீட்டுச் சிரிப்பு. "ஆமாங்க."

"அண்ணே! என்னண்ணே! சரி, திரும்பக் கேக்குறேன். கூலிதானே வாங்கின?"

"ஆமாங்க."

"குத்தகையெல்லாம் கெடையாது?"

"ஆமா ஆமா. நீங்க சொன்னா சரிங்க தம்பி."

சாமிதுரை தலையில் கைவைத்துக்கொண்டான். "சரி, இதையாவது சொல்லுங்க. பெரும்புயலு அடிச்ச வருஷம் களத்துல என்ன அளந்தீங்க?"

"புயலா? எப்ப அடிச்சுது?"

செவ்வந்தி அடுப்படியிலிருந்து எழுந்து வந்தாள். புயலடித்த வருஷம் அவர்களுடைய தலைச்சன் பிள்ளை பிறந்த வருஷம். கூரை பறந்துபோய், பச்சைப் பிள்ளையை நெல் குதிருக்குள் வைத்துச் சாக்கால் மூடிக் காப்பாற்றியவன் இவன். அதைக்கூடவா அந்த மாத்திரை தின்றுவிட்டது?

"தம்பி, வேணாம். இவரு சுயபுத்தியில இல்ல" என்று மாத்திரைக் கதை முழுவதையும் சாமிதுரையிடம் கொட்டினாள்.

அவன் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் விழித்தான். "அப்ப மடையில பேசுனது, மேடையில பேசுனது...?"

"எல்லாம் மாத்திரை."

"அட கடவுளே! தைரியம் வேணும்னா மாத்திரை போடணும். போட்டா நெனப்பு போயிருது. தைரியம் மட்டும் வந்து என்னத்தச் சாட்சி சொல்றது? தூக்கி வாய்க்கால்ல எறிங்க அக்கா."

எறிந்தாள். மறுநாள் பொழுது சாய்வதற்குள் வீரையன் உடம்பு முழுக்க உதறலெடுத்தது. சுவரில் எறும்பு சாரிசாரியாகப் போகிறது என்றான். அங்கே எறும்பே இல்லை. செவ்வந்தி அவனைப் பூவம்மாளிடம் விட்டுவிட்டு, திருத்துறைப்பூண்டி ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் அல்லா பிச்சையிடம் ஓடினாள். அவள் போட்ட சத்தத்தில் வரிசையில் நின்றவர்களே வழிவிட்டார்கள்.

அல்லா பிச்சை எல்லாவற்றையும் கேட்டார். "யாரும்மா குடுத்தா?"

"ஒரு நல்ல மனுஷிதான் பாய்."

"நல்ல மனசு சரிதான். அதுக்காக அள்ளிக் குடுக்குறதுக்கு இது என்ன கருவாடா? இது நரம்பை அடக்குற மருந்து. மறதி வரும், தள்ளாட்டம் வரும். செல பேரு இல்லாத வீரமெல்லாம் பேசுவாங்க. பழகிட்டா வுடாது." உள்ளே போய் டாக்டரம்மாவைக் கேட்டுக்கொண்டு திரும்பினார். கையில் கொஞ்சம் மாத்திரை. "பட்டுன்னு நிறுத்துனது தப்பு தங்கச்சி, வலிப்பு வந்தாலும் வந்துரும். நெல்லு முத்துனா வயல் தண்ணிய எப்படி வடிப்ப? வரப்ப வெட்டி ஒரேடியாவா வுடுவ? மடையக் கொஞ்சங் கொஞ்சமாத்தானே திறப்ப? அதுமாதிரிதான். முழுசு, அப்பறம் முக்கால், அப்பறம் பாதி. உதறல் தாங்கலைன்னா உடனே தூக்கிக்கிட்டு வந்துரு."

இத்தனூண்டு மாத்திரையை முக்காலாக எப்படி நறுக்குவது? செவ்வந்தி வெற்றிலைப் பெட்டியிலிருந்து பாக்குவெட்டியை எடுத்தாள். முதல் மாத்திரை தெறித்து அடுப்புச் சாம்பலில் விழுந்தது. இரண்டாவது பொடியாகிவிட்டது. அப்புறம் கை பழகிக்கொண்டது. தினமும் காலையில் வாசலில் உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, நகைக்கடை ஆசாரி மாதிரி நறுக்குவாள். வீரையன் எட்டிப் பார்ப்பான்.

"என்ன புள்ள, நேத்தைக்கு இன்னைக்குத் தேஞ்சிருக்கே? இதைக் கொசுவுக்கா குடுக்கப்போற?"

"வாயத் திறங்க."

மாத்திரை தேயத் தேய வீரையனுக்குப் பயம் திரும்பி வந்தது. ஆனால் அது தனியாக வரவில்லை. ஒருநாள் வயல் நண்டு இடித்து ரசம் வைத்திருந்தாள். உறிஞ்சிக் குடித்துக்கொண்டே இருந்தவன் கையை நிறுத்தினான். "புயலு வருஷமும் இப்படித்தான் நண்டு ரசம் வச்ச. புள்ளய குதிருக்குள்ள போட்டிருந்தோம். அந்த வருஷம் பயிரெல்லாம் போயி, 'பாதியாச்சும் அள'ன்னு ஐயாவோட அப்பா பெரிய ஐயரு ஆளு அனுப்புனாரு. வெதநெல்ல அளந்துட்டு, நாம வாழத்தண்டு தின்னோம்."

செவ்வந்தி அகப்பையை அப்படியே போட்டுவிட்டு வந்து அவன் தலையைப் பிடித்து மார்போடு அணைத்துக்கொண்டாள். "வந்துருச்சா? வந்துருச்சா? ஐயோ, என் ராசா!" என்று சிரித்தாள். உடனே அழுதாள். அவன் ரசம் கொட்டிவிடப் போகிறது என்றான்.

விசாரணைக்கு முந்தின நாள் சரசா கொட்டகைக்கு வந்தாள். சுவரைப் பிடித்துப் பிடித்துத்தான் வந்தாள். முழங்கையில் நீலம் பாரித்திருந்தது. விழுந்திருக்கிறாள். வழக்கத்தைவிடப் பெரிய பொட்டலத்தைச் சுவரில் வைத்தாள்.

"எங்காத்துக்காரர் குடுக்கச் சொன்னார்."

"ஐயாவா? அவுங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தாண்டி உளறிட்டேனாம். சாப்பிடறச்சே சிரிச்சுண்டே எல்லாத்தையும் சொன்னேனாம். எனக்கு ஞாபகமே இல்லை. உப்பு போட்டேனான்னு ஞாபகமில்லை, பெத்த பொண்ணுக்குக் கடுதாசி போட்டேனான்னு ஞாபகமில்லை. இதை மட்டும் எப்படிச் சொன்னேனோ." பொட்டலத்தைச் சுவரில் இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளினாள். "நாளைக்குக் காலம்பற வீரையனுக்கு ரெண்டாக் குடுக்கணுமாம். குடுத்துட்டேன்னு அவர்கிட்ட சொல்லிடறேன். நீ அதை என்ன பண்றியோ, உன் சமத்து. நான் ஒண்ணும் சொல்லலை." சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் சொன்னவளாகச் சுவரைப் பிடித்துக்கொண்டே போய்விட்டாள்.

விடிந்தது. தை மாதத்தில் வரக்கூடாத மேகம் கிழக்கே கறுத்துக் கிடந்தது. பத்து மாவும் தங்கமாகத் தலைசாய்த்து நின்றது. ஒரு மழை அடித்தால் சாய்ந்து முளைத்துப்போகும். ரோட்டில் ஒரு லாரி நின்றது. அதில் அரிவாளும் கையுமாக வெளியூர் ஆட்கள். விசாரணை முடிந்ததும் இறங்கிவிடச் சொல்லி தியாகேசன் ஏற்பாடு. ஊர்க்காரர்களும் அரிவாளோடுதான் வந்திருந்தார்கள். நடுவில் இரண்டு போலீஸ்காரர்கள் யார் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் நின்றார்கள்.

வீட்டில் வீரையன் செவ்வந்தியின் கையைப் பிடித்துக்கொண்டான். "தொடை ஆடுது புள்ள. ஒண்ணே ஒண்ணு குடு. முழுசா. இன்னைக்கு மட்டும்."

பொட்டலம் அவள் மடியில்தான் இருந்தது. கை அங்கே போயும் விட்டது. அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. உதடு வெளுத்து, வேட்டி முடிச்சைக்கூடப் போடத் தெரியாமல் நின்றான். ஒன்று கொடுத்தால் நிமிர்ந்துவிடுவான். நிமிர்ந்து, சிரித்துக்கொண்டே, பண்ணையாளுதான் என்று சொல்லிவிட்டு வந்துவிடுவான்.

"இஞ்சாருங்க. பயந்துக்கிட்டே பேசுங்க. பயந்துக்கிட்டுப் பேசக்கூடாதுன்னு சட்டத்துல இருக்கா?" என்று, நறுக்கி வைத்திருந்த அன்றைய துணுக்கை மட்டும் வாயில் போட்டாள்.

களத்தோரம் பூவரசு நிழலில் மேசை போட்டிருந்தார்கள். தாசில்தார் வாலிப ஆள். சந்தானகிருஷ்ணனுக்கு ஒரு நாற்காலி. பக்கத்தில் தியாகேசன் குடையோடு. வீரையனைக் கூப்பிட்டதும் கூட்டத்தில் உற்சாகம் தாங்கவில்லை. "வுடாதீங்கண்ணே!" "கொடையப் புடுங்குங்க மாமா!" வீரையன் முன்னால் வந்தான். கை இரண்டும் காற்றில் இலை ஆடுகிற மாதிரி ஆடின. கூட்டம் அடங்கிப்போயிற்று. இது மேடையில் பார்த்த வீரையன் இல்லையே!

தாசில்தார் கேட்கும் முன்னால் சந்தானகிருஷ்ணனே பேசினார். சத்தம் போடவில்லை. சின்ன வயசிலிருந்து கேட்டுப் பழகின அதே குரல். "வீரையா, நீ நம்ம பண்ணையாள்தானே?"

"ஆமாங்க" என்றான் வீரையன்.

சாமிதுரை உச்சந்தலையில் அடித்துக்கொண்டான். லாரியில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

வீரையன் வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தான். கையை எடுத்தான். "சாருங்க... அத எழுதாதீங்க. ஐயா எது கேட்டாலும் வாயில அப்படித்தாங்க வரும். மழை வருமான்னாலும் ஆமாங்க, வராதான்னாலும் ஆமாங்க. பழகிப்போச்சு. ஆனா இதுக்கு இல்லீங்க. நான் பண்ணையாளு இல்லீங்க. குத்தகைக்காரன்."

"குடிச்சிருக்கான் சார், கையப் பாருங்க எப்படி ஆடுதுன்னு" என்றார் தியாகேசன்.

"குடிக்கலீங்க. பயமா இருக்குதுங்க."

"பயமா? உனக்கா?" தியாகேசனுக்கு ஒரு மாதமாக நெஞ்சில் கிடந்த புண் அது. பொத்துக்கொண்டு வந்தது. "மடையில என்னை யோவ்னியே! அளந்து போட்டா அள்ளிக்கிட்டுப் போற ஆளுதானேன்னு ஊரு சிரிக்கக் கேட்ட! அப்ப எங்கடா போச்சு பயம்?"

தாசில்தார் பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "அளந்து போட்டது அவரா?"

"அதாவது சார்... வருஷா வருஷம் வந்து, ஐயாவுக்குச் சேரவேண்டியத வாங்கிக்கிட்டுப் போறதுதானே, அதுக்குப்போயி என்னை..." சொல்லிக்கொண்டே வந்தவர் சந்தானகிருஷ்ணன் முகத்தைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"பண்ணையாளுக்கு நீங்கதானே அளந்து போடணும்? இவரு எப்படி உங்களுக்கு அளந்தாரு?"

தியாகேசன் குடையை விரித்தார், மடக்கினார்.

"மடையில அப்படிக் கேட்டீங்களா?" என்று வீரையனிடம் திரும்பினார் தாசில்தார்.

"கேட்டதா சொல்றாங்க. எனக்கு நெனப்பு இல்லீங்க, அது மாத்திரை பேசுனது. ஆனா சொன்னது நெசந்தாங்க. நெனப்பு இருக்குறத இப்ப சொல்றேங்க." குரல் ஆடியது. ஆனால் நிற்கவில்லை. அப்பன் செத்து அவன் ஏர் பிடித்த வருஷம், புயலடித்து விதைநெல்லை அளந்த வருஷம், பஞ்சத்தில் மிராசுதார் பாதியாகக் குறைத்துக்கொண்ட வருஷம் என்று ஒவ்வொன்றாக வந்தது. "பாதியாக் கொறைச்சது ஐயாதாங்க. நல்ல மனசு. ஐயா, உங்களுக்கு நெனப்பு இருக்குதுங்களா?"

சந்தானகிருஷ்ணன் வயலைப் பார்த்தார். மேகத்தைப் பார்த்தார். "இருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து நடந்தார். யாருக்கும் கேட்காத மாதிரிதான் சொன்னார். தாசில்தாருக்குக் கேட்டது.

சாகுபடி செய்பவர் வீரையன் என்று தாசில்தார் எழுதி, உரக்கப் படித்தார். கையெழுத்து வாங்கிக்கொண்டார். படித்து முடிக்கவும் ஒரு தூறல் விழவும் சரியாக இருந்தது. அப்புறம் யாரும் யாருக்காகவும் நிற்கவில்லை. "இறங்குங்கடி!" என்று பூவம்மாள் கத்தினாள். குலவைச் சத்தத்தோடு ஊரே வயலில் இறங்கியது. லாரியில் வந்தவர்களில் சிலர், வந்ததுக்கு நாங்களும் அறுக்கிறோம் என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேர்ந்துகொண்டார்கள். முதல் கைப்பிடி அரியை அறுத்து வீரையன் கையில் கொடுத்தார்கள். கை ஆட்டத்தில் கதிர் சலசலவென்று சத்தம் போட்டது. அவன் வாய்விட்டு அழுதான். சாமிதுரையும் அழுதுவிட்டு, கண்ணில் தூசி என்றான்.

அறுப்பு பாதி ஏறியிருக்கும்போது வரப்பில் யாரோ வருவதைச் செவ்வந்தி பார்த்தாள். சரசா! அந்த அம்மாள் வயல் வரப்பில் கால் வைத்து ஊரில் ஒருவரும் பார்த்ததில்லை. நனைந்த வரப்பில் இங்கும் அங்கும் சாய்ந்துகொண்டு வந்தாள். ஒரு கால் வழுக்கியது. செவ்வந்தி அரிவாளைப் போட்டுவிட்டு ஓடி, இரண்டு கையாலும் அவளைப் பிடித்தாள். பிடித்த பிறகுதான் யாரைப் பிடித்திருக்கிறோம் என்று உறைத்தது. விடப் போனாள். சரசா விடவில்லை.

"வீரையன் பேசினானாமே?"

"பேசுனாரும்மா. பயந்துக்கிட்டேதான் பேசுனாரு. ஆனா எல்லாத்தையும் நெனப்பா சொன்னாரு."

"ரெண்டு குடுக்கலையா?"

"இல்லம்மா."

சரசாவுக்கு மூச்சு வாங்கியது. மழைத்துளி முகத்தில் வழிந்தது. நிலம் போன வீட்டுக்காரி முகம் மாதிரியே இல்லை அது. இடுப்பிலிருந்து மாத்திரைப் புட்டியை எடுத்துச் செவ்வந்தியின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினாள்.

"ஏதோ பாக்குவெட்டியால வெட்டிக் குறைச்சியாமே. எனக்கும் வெட்டிக் குடேன். எங்க பொண்ணு கல்யாணம் நடந்தது ஞாபகமிருக்கு. அவ என்ன கலர்ல புடவை கட்டிண்டிருந்தான்னு ஞாபகமில்லைடி."

"அரக்கும்மா. பச்சைக் கரை போட்ட அரக்கு. நான் கொல்லப்பக்கம் நின்னு பாத்தேன்."

சரசா வயல் நடுவில் நின்று விக்கி விக்கி அழுதாள். செவ்வந்தி புட்டியை மடியில் முடிந்துகொண்டு, அவள் தோளைச் சுற்றிக் கையைப் போட்டுக்கொண்டாள்.

"நீங்க ரெண்டு வருஷமா தின்னிருக்கீங்க. பட்டுன்னு வுட முடியாது. திருத்துறைப்பூண்டியில டாக்டரம்மாவப் பாக்கணும். நான் கூட வர்றேன். அறுப்பு முடியட்டும், நாளைக்கே போவோம். இப்ப இந்த வரப்புல பாத்து நடங்க, நான் புடிச்சிருக்கேன்."